விறகின் ஈரமும் தெருவின் காற்றும்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில், விறகை எரித்து நீராவி (ஸ்டீம்) உண்டாக்கும் பாய்லர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஐப்பசி மாதம். முந்தின இரவு முழுக்க மழை. திறந்தவெளியில் அடுக்கியிருந்த விறகிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாய்லர் ஓட்டுகிற பெரியவர் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். மந்தமாக ஒரு சத்தம்.

"காஞ்ச வெறகுன்னா டங்குனு கேக்கோணுங்க. இது தொப்புங்குது பாருங்க. எடை போட்டுத்தான வாங்கறோம், பாதிக் காசு தண்ணிக்குப் போயிருதுங்க" என்றார்.

தலைக்கு மேலே புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக, கனமாகப் புகை வந்தது. மேலே ஏறாமல் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி வளைந்து, அடுத்த சந்தில் இருந்த லைன் வீடுகளின் ஓட்டுக்கூரை மேல் படிந்தபடியே போனது. அங்கே ஒரு பெண் கொடியில் கிடந்த துணிகளை அவசரமாக உருவிக்கொண்டிருந்தார். மழை அப்போது விட்டிருந்தது. அவர் ஓடியது புகைக்காக.

முதலாளிக்கு விறகுச் செலவைக் கூட்டுவதும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் புகுவதும் ஒரே ஈரம்தான். தொழில் நிறுவனங்கள் யாரும் கட்டாயப்படுத்தாமல், தாங்களாகவே சுற்றுவட்டாரக் காற்றைச் சுத்தமாக்க முடியுமா என்ற கேள்விக்கு நான் இங்கிருந்துதான் பதில் தேடத் தொடங்கினேன். முடியும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அது மரம் நடும் விழாவிலோ ஆண்டறிக்கையின் பச்சைப் பக்கத்திலோ இல்லை. விறகு அடுக்கும் இடத்திலும், ஜெனரேட்டர் குழாய் திரும்பியிருக்கும் திசையிலும், கேட்டுக்கு வெளியே நிற்கும் லாரியிலும் இருக்கிறது.

சட்டம் எட்டுகிற தூரம்

காற்று மாசு என்றால் நமக்கு டெல்லிதான் ஞாபகம் வருகிறது. கடல் காற்றும் மழையும் இருப்பதால் நாம் தப்பித்தோம் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஆதாரம் குறைவு. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று 2009இல் வந்த இந்தியத் தரவரம்பு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த அளவு 5. அதாவது இங்கே 'வரம்புக்குள் இருக்கிறது' என்று சான்று வாங்கும் ஊர்கூட, அந்த அளவைப்போல் எட்டு மடங்கு வரை சுவாசித்துக்கொண்டிருக்கலாம். தரவரம்பைத் தாண்டிய ஊர்களுக்கான தேசிய தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. ஆண்டுச் சராசரி என்பது ஊர் முழுவதற்குமான கணக்கு. மூக்கு சுவாசிப்பதோ அதன் முன்னால் இருக்கும் காற்றை. போக்குவரத்து மிகுந்த சாலையோரத்தில் எகிறியிருக்கும் மாசு, இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளிப் போனால் ஊரின் பொதுவான அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உயரமான புகைபோக்கி கொண்ட ஓர் அனல்மின் நிலையம் தன் மாசைப் பல நூறு கிலோமீட்டருக்குப் பரப்புகிறது. ஒரு பேக்கரியின் பத்தடிக் குழாயோ தன் புகையை நேராகப் பக்கத்து வீட்டு ஜன்னலில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அளவில் சிறியதுதான். ஆனால் அந்த ஜன்னலுக்கு அதுதான் பெரியது.

காற்றுச் சட்டம் 1981இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. தொழிற்சாலைகள் 'கன்சென்ட்' எனப்படும் இயங்குவதற்கான ஒப்புதலை வாங்க வேண்டும், புகைபோக்கிக்கு உயரம் உண்டு, அதிலிருந்து வெளியேறுவதற்கு அளவு உண்டு. தேவையான சட்டம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு அதிகாரி வருஷத்தில் எத்தனை நாள் ஒரு பட்டறை வாசலில் நிற்க முடியும்? விறகில் எவ்வளவு ஈரம், அடுப்பை எத்தனை மணிக்குப் பற்ற வைக்கிறார்கள், வாட்ச்மேன் காலையில் கூட்டிய குப்பையை என்ன செய்கிறார், லாரி டிரைவர் இன்ஜினை அணைத்தாரா என்பதையெல்லாம் தினமும் பார்க்கிற கண் நிறுவனத்துக்குள்தான் இருக்கிறது. தானாக முன்வந்து செய்வது என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான்.

பாய்லர் ரூமில்

விறகுக்கே திரும்புவோம். அப்போதுதான் வெட்டிய மரத்தில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்ததில் அது 15 முதல் 20 சதவீதம் வரை. ஈர விறகை அடுப்பில் போட்டால், தீயின் முதல் வேலை அந்தத் தண்ணீரை ஆவியாக்குவது. அதற்குள் அடுப்பின் சூடு இறங்கிவிடுகிறது. சூடு இறங்கினால் விறகிலிருந்து கிளம்பும் எரிவாயுக்களும் தார் ஆவியும் முழுதாக எரிவதில்லை. அப்படியே மேலே போய், குளிர்ந்து, கண் எரிக்கும் வெள்ளைப் புகையாகின்றன. வெறும் நீராவி என்றால் கொஞ்ச தூரத்தில் கரைந்து காணாமல் போகும். காம்பவுண்டைத் தாண்டியும் கரையாமல் நாற்றத்தோடு போகிறது என்றால் அது எரியாத விறகு.

கணக்கும் கிட்டத்தட்ட பெரியவர் சொன்ன மாதிரிதான் வருகிறது. பாதி ஈரமான ஒரு கிலோ விறகு தரும் பயனுள்ள வெப்பம், 20 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ தருவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. இதைச் சரிசெய்ய வெளிநாட்டு இயந்திரம் எதுவும் வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், தரையிலிருந்து அரை அடி உயர்த்திய அடுக்கு, காற்றுப் புக இடைவெளி, சித்திரை வைகாசி வெயிலிலேயே வாங்கிச் சேர்க்கும் பழக்கம் போதும். பருவமழை வருவதற்குள் சரக்கு காய்ந்து தயாராக இருக்கும். கையடக்கமான ஈரமானியும் கடைகளில் கிடைக்கிறது. விறகு லாரி உள்ளே வரும்போதே குத்திப் பார்த்து, ஈரத்துக்குத் தகுந்தபடி விலை பேசலாம். விறகு வியாபாரிகளுக்கு இது பிடிக்காது. ஆனால் இரண்டு மூன்று பெரிய பட்டறைகள் சேர்ந்து கேட்க ஆரம்பித்தால் காய்ந்த விறகுக்கென்று ஒரு சந்தை உருவாகும்.

அப்புறம், எரிக்கிற அளவைக் குறைப்பது. கேட்டால் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் இதைவிட உறுதியான மாசுக் கட்டுப்பாடு இல்லை. எரிக்காத விறகு புகைவதில்லை. பாய்லருக்குள் போகும் தண்ணீரின் வெப்பம் ஒவ்வொரு 6 டிகிரி கூடும்போதும் எரிபொருளில் சுமார் ஒரு சதவீதம் மிச்சமாகும் என்பது இந்தத் துறையில் எல்லாரும் பயன்படுத்துகிற கணக்கு. சாயத் தொட்டியைச் சூடாக்கும் சுருள் குழாய்க்குள் ஓடி வேலையை முடித்த ஸ்டீம் திரும்பக் கொதிக்கிற தண்ணீராகிறது. அதைச் சாக்கடையில் விடாமல் குழாய் போட்டு பாய்லர் தொட்டிக்கே கொண்டுவந்து, 30 டிகிரியில் உள்ளே போன தண்ணீர் 78 டிகிரியில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு சதவீத விறகு மிச்சம். பாய்லர் குழாய்களில் 3 மில்லிமீட்டர் கரி படிந்தால் எரிபொருள் செலவு சுமார் 2.5 சதவீதம் கூடும். அதைத் தவறாமல் சுரண்டி எடுப்பது இன்னொரு மிச்சம். ஸ்டீம் குழாய்க்கு உறை போடுவது, ஒழுகும் வால்வை மாற்றுவது எல்லாம் இந்த வரிசைதான்.

இதற்கெல்லாம் பிறகுதான் வடிகட்டி. பெரும்பாலான பட்டறைகளில் சைக்ளோன் இருக்கும். புகையைச் சுழற்றி, கனமான சாம்பலைக் கீழே தள்ளுகிற கூம்பு. கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் விழும் கரும்புள்ளிகளை அது குறைக்கும். ஆனால் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்களில் பெரும்பகுதி அதன் வழியே தப்பித்துப் போய்விடும். நுரையீரலின் அடியாழம் வரை போவது அதுதான். அதைப் பிடிக்க பேக் ஃபில்டர் வேண்டும், அதாவது துணிப்பைகளின் வழியே புகையைச் செலுத்தும் அமைப்பு. இங்கேயும் ஈரம் குறுக்கே வருகிறது. ஈர விறகின் புகையிலிருக்கும் தாரும் நீரும் பைகளில் ஒட்டிக்கொண்டு துளைகளை அடைத்துவிடும். லட்சக்கணக்கில் செலவு செய்து பேக் ஃபில்டர் போட்டு, பை அடைத்துப் போனதால், புகை வடிகட்டியைத் தொடாமல் வெளியேறும் பைபாஸ் வழியைத் திறந்துவிட்டு ஓட்டுகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். கோபம் வந்தது. ஷெட் போட்டிருந்தால் அந்த வடிகட்டி பிழைத்திருக்கும்.

திருப்பூரைப் பொறுத்தவரை பலர் கவனிக்காத ஒரு முடிச்சும் இதில் இருக்கிறது. நொய்யலில் சாயக்கழிவு கலந்த விவகாரத்தில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகுதான் தொழில் மூச்சுவிட்டது. தண்ணீருக்கு அது பெரிய நன்மை. ஆனால் உப்புக் கலந்த கடைசித் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் உப்பைப் பிரிக்க முடியும். கொதிக்கவைக்க ஸ்டீம் வேண்டும். ஸ்டீமுக்கு விறகு வேண்டும். ஆற்றின் சுமையில் ஒரு பங்கு காற்றின் தலைக்கு மாறியிருக்கிறது. ஆற்றுக்காகப் பட்ட பாட்டைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. தண்ணீர் விஷயத்தில் நீதிமன்றம் பூட்டுப் போடுகிறவரை காத்திருந்து பட்ட கஷ்டம் அந்த ஊருக்குத் தெரியும். காற்று விஷயத்திலும் அப்படிக் காத்திருக்க வேண்டுமா என்பதுதான் என் கவலை.

கரன்ட் போனதும்

எந்த ஊர்க் கடைவீதியிலும் பார்க்கலாம். கரன்ட் போகும். அரை நிமிஷம் அமைதி. பிறகு ஒரு உறுமல், நடைபாதை ஓரக் கூண்டிலிருந்து கரும்புகை குப்பென்று வெளியே வரும். எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு பெரிய கடையின் ஜெனரேட்டர் குழாய் சரியாக மனுஷர் முகத்தின் உயரத்தில் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதற்கு நாலடி தள்ளிப் பூ விற்கிற அம்மா உட்கார்ந்திருப்பார். உறுமல் கேட்டதுமே முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, கூடை மேல் ஈரத்துணியை இழுத்து மூடுவார். அனிச்சைச் செயல்போல. பல வருஷப் பழக்கம்.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் முதல் வகுப்பில் சேர்த்து அறிவித்தது. புதிய ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை 1 முதல் கடுமையான தரக்கட்டுப்பாடு வந்திருக்கிறது. ஆனால் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருபது வருஷம் சாதாரணமாக உழைக்கும். பழையவை அங்கேயேதான் நிற்கின்றன.

குழாய் உயரத்துக்கு ஒரு எளிய விதி இருக்கிறது. ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கே.வி.ஏ. எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து 0.2ஆல் பெருக்கினால் வருகிற மீட்டர் அளவு, கட்டடத்தின் உச்சிக்கு மேலே குழாய் நிற்க வேண்டும். 100 கே.வி.ஏ. என்றால் 2 மீட்டர், 225 என்றால் 3. இதைச் செய்ய ஒரு வெல்டருக்கு ஒரு நாள் வேலை. புகையின் அளவு குறையாதுதான். ஆனால் பூக்கார அம்மாவின் மூக்குக்கும் குழாய்க்கும் நடுவே நாலடிக்குப் பதில் நாற்பதடி வந்துவிடும்.

அளவைக் குறைக்க, முதலில் ஜெனரேட்டர் எவ்வளவு சுமையில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இதைப் பெரும்பாலான கடைக்காரர்கள் பார்ப்பதே இல்லை. ஏசி, லிஃப்ட் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு 125 கே.வி.ஏ. வாங்கியிருப்பார்கள். கரன்ட் போகும்போது ஓடுவது விளக்கும் பில் போடும் கம்ப்யூட்டரும்தான். முப்பது சதவீதத்துக்கும் கீழான சுமையில் ஓடும் டீசல் இன்ஜின் சரியாகச் சூடாவதில்லை. டீசல் முழுதாக எரியாமல் கரியும் எண்ணெய்ப் பிசுக்குமாக வெளியே வரும், இன்ஜினும் கெடும். விளக்கையும் கம்ப்யூட்டரையும் இன்வெர்ட்டர் பேட்டரியில் மாற்றிவிட்டால், பத்து இருபது நிமிஷக் கரன்ட் கட்டுக்கு ஜெனரேட்டரைத் தொடவே வேண்டாம். பெரிய ஜெனரேட்டரை விட முடியாதவர்கள், துகளில் குறைந்தது 70 சதவீதத்தைப் பிடிக்கிற சான்று பெற்ற கருவியைப் புகைக்குழாயில் பொருத்தலாம். குழாய் எரிவாயு வந்துவிட்ட பகுதிகளில் எரிவாயுவுக்கு மாறலாம்.

செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். பல இடங்களில் அதைக் காலை ஏழு மணிக்குச் செய்கிறார்கள். அதை மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு மாற்றினால் போதும். காரணம், விடிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே இருப்பது சூடாகவும் இருக்கும். பானைக்கு மூடி போட்ட மாதிரி. புகை மேலே போக முடியாமல் தெருவிலேயே சுற்றும். மார்கழியில் இது மிக மோசம். அந்த மாதத்தில்தான் பெண்கள் ஐந்து மணிக்கே வாசலில் உட்கார்ந்து கோலம் போடுகிறார்கள், பிள்ளைகள் டியூஷனுக்குக் கிளம்புகிறார்கள். மதிய வெயிலில் தரை சூடாகி, காற்று மேலே எழும்பிக் கலக்கும். அதே புகை அதே அளவு வந்தாலும் பல மடங்கு நீர்த்துப்போகும். பாய்லர் குழாயில் கரி ஊதிச் சுத்தம் செய்வது, அடுப்பைப் புதிதாகப் பற்றவைப்பது போன்ற அதிகம் புகைகிற வேலைகளுக்கும் இதே கணக்குதான். முடிந்தவரை மதியத்துக்குத் தள்ளலாம். பற்றவைப்பதை மதியத்துக்குத் தள்ள முடியாவிட்டால், இரவு தீயை முழுக்க அணையவிடாமல் கங்கு மூடி வைத்து, காலையில் காய்ந்த சுள்ளியால் எழுப்பலாம். கட்டிங் வேஸ்ட்டையும் ரப்பரையும் போட்டுப் பற்றவைப்பதை அடியோடு விட வேண்டும். பனியன் துண்டில் பாலியஸ்டர் கலந்திருக்கும், அது வேறு விஷம்.

கேட்டுக்கு வெளியே

ஒரு லாரி நின்றபடி இன்ஜினை ஓடவிட்டால் மணிக்குச் சுமார் இரண்டு மூன்று லிட்டர் டீசல் எரியும். டிரைவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். எப்போது உள்ளே கூப்பிடுவார்கள் என்று தெரியாது, வரிசை நகரும்போது நகராவிட்டால் இடம் போய்விடும், பிரேக்குக்குக் காற்று ஏற வேண்டும், வெயிலில் கேபினில் உட்கார முடியாது. எல்லாமே நியாயமான காரணங்கள். 'இன்ஜினை அணைக்கவும்' என்று போர்டு எழுதி வைத்தால் இந்தக் காரணங்கள் தீராது. நேரம் குறித்து டோக்கன் கொடுத்து, முறை வரும்போது போன் செய்து கூப்பிட்டு, ஒரு நிழல் கூரை, மின்விசிறி, குடிதண்ணீர், கழிப்பறை வைத்துக் கொடுத்தால் அவரே அணைத்துவிட்டு இறங்கி வருவார். காற்றுக்காகச் செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டிரைவர் என்கிற மனுஷருக்கும் இதில் மரியாதை கிடைக்கிறது.

வண்டி வாடகைக்கு எடுக்கும்போது பி.எஸ். 6 என்ற புதிய புகைத் தரத்தில் வந்த வண்டிகளுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற இந்த லாரிகளில் துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. ஊருக்குள் பத்திருபது கிலோமீட்டர் சுற்றும் சரக்கு ஆட்டோக்களை மின்சார வண்டியாக மாற்றுவது இப்போது பணக்கணக்கிலும் ஒத்துவருகிறது. ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தை அடுத்தடுத்த நிறுவனங்கள் கால் மணி நேரம் மாற்றி வைத்தால் சாலைச் சந்திப்பில் நெரிசல் குறையும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். யார்டுக்குத் தளம் போட்டால் புழுதி பறக்காது, மணல் லாரிக்குத் தார்ப்பாய் கட்டினாலும் அப்படியே. பெயின்ட் அடிக்கும் பட்டறைகள் தின்னர் கலந்ததிலிருந்து, பெயின்ட்டைத் தூளாகவே பூசும் பவுடர் கோட்டிங்குக்கு மாறலாம். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் கற்கரி (கோக்) எரிக்கும் உலைகளின் இடத்தை மின் உலைகள் பல காலமாகவே பிடித்து வருகின்றன. குப்பை எரிப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: சட்டப்படியும் அது தடைதான், இருந்தாலும் காலை ஆறு மணிக்கு வாட்ச்மேன் டீ கப்பையும் சருகையும் பாலித்தீனையும் சேர்த்துக் கொளுத்துகிறார். அவரைத் திட்டிப் பயன் இல்லை. குப்பையை எங்கே போடுவது என்று நிறுவனம் அவருக்குச் சொல்லவே இல்லை.

ஏன் செய்வார்கள்?

விறகு மிச்சம், டீசல் மிச்சம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அது மட்டும் போதுமென்றால் இந்நேரம் எல்லாரும் செய்திருப்பார்கள். உலகத்தில் தானாக முன்வந்த நிறுவனங்களின் கதையைப் பார்த்தால், பணக்கணக்கோடு இன்னொன்றும் இருந்திருக்கிறது: யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜப்பானின் கிடக்கியூஷு இரும்பாலைகளின் ஊர். 1965இல் அங்கே ஷிரோயாமா பகுதியில் ஒரே மாதத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 108 டன் வரை தூசு விழுந்தது. முதலில் குரல் கொடுத்தவர்கள் தொபாத்தா பகுதியின் பெண்கள். அவர்களில் பலரின் கணவர்கள் அதே ஆலைகளில்தான் வேலை பார்த்தார்கள் என்பதால் அது லேசான காரியம் இல்லை. கொடியில் காயப்போட்ட துணியில் படியும் தூசை அளந்தார்கள், பேராசிரியர்களைத் தேடிப்போய் விவரம் கற்றுக்கொண்டார்கள், 8 எம்.எம். கேமராவில் தாங்களே ஒரு படமும் எடுத்தார்கள். சட்டம் போதாத அந்தக் காலத்தில், 1964இல் யோகோஹாமா நகராட்சி ஒரு மின் நிறுவனத்தோடு நேருக்கு நேர் உட்கார்ந்து மாசுத் தடுப்பு ஒப்பந்தம் போட்டிருந்தது. சட்டம் கேட்டதைவிடக் கூடுதலாகச் செய்வோம் என்று நிறுவனம் எழுதிக் கொடுக்கும் முறை அது. கிடக்கியூஷுவும் அந்த வழியில் போய், 1972இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்தது. அந்த ஊரின் யவாட்டா இரும்பாலையின் கந்தக ஆக்சைடு வெளியேற்றம் 1970இல் ஆண்டுக்கு 27,000 டன்னுக்கு மேல் இருந்தது, 1990இல் சுமார் 600 டன். அந்தக் குறைவில் முக்கால் பங்கு எரிபொருளை மாற்றியதாலும் எரிப்பதைக் குறைத்ததாலும் வந்தது, கால் பங்குதான் புகைபோக்கியில் மாட்டிய கருவிகளால். பாய்லர் ரூமில் நான் சொன்ன வரிசை அங்கே மிகப் பெரிய அளவில் நடந்திருக்கிறது.

இரண்டாவது கதை நம் நாட்டில் தொடங்குகிறது. 1984 போபால் விஷவாயுச் சாவுகளுக்குப் பிறகு, அமெரிக்க மக்கள் தங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். 1986இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. வெளியேற்றத்தைக் குறைக்கச் சொன்ன சட்டம் இல்லை அது. எந்த நச்சை எவ்வளவு வெளியேற்றுகிறாய் என்று ஆண்டுதோறும் ஊரறியச் சொல் என்றது, அவ்வளவுதான். முதல் வருஷக் கணக்கு வெளியாகும் நேரத்தில், 1988இல், மான்சான்டோ என்ற ரசாயன நிறுவனத்தின் தலைவர் நச்சு வாயு வெளியேற்றத்தை 1992க்குள் 90 சதவீதம் குறைப்போம் என்று அறிவித்தார். யாரும் உத்தரவிடவில்லை. எண் பொதுவெளிக்கு வந்ததே காரணம். இங்கேயும் மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2017இல் ஆலைகளுக்குப் புகையளவை வைத்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் கொடுத்து வெளியிடத் தொடங்கியது.

ஆனால் இந்த வழியின் எல்லையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அமெரிக்க சுற்றுச்சூழல் முகமை 1991இல், 17 நச்சு ரசாயனங்களை முதலில் 33 சதவீதமும் பிறகு 50 சதவீதமும் குறைக்கச் சொல்லி நிறுவனங்களை அழைத்தது. கட்டாயம் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன, இலக்கும் முன்கூட்டியே எட்டியது. பிறகு கணக்குப் பார்த்தவர்கள், அந்தக் குறைவில் ஒரு பகுதி திட்டம் தொடங்கும் முன்பே நடந்தது, ஒரு பகுதி சேராத நிறுவனங்களில் நடந்தது என்று காட்டினார்கள். ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்குப் பேர் வாங்கிக்கொள்வது சுலபம். ஒழுங்காகச் செலவு செய்கிற பட்டறைக்காரர், செய்யாத பக்கத்துப் பட்டறையோடு விலையில் போட்டி போட வேண்டியிருக்கும். அதனால் தன்னார்வம் சட்டத்துக்கு மாற்றாக முடியாது. சட்டத்தைத் தளர்த்தக் காரணமாக யாராவது இதைக் காட்டினால் நான் அவர்கள் பக்கம் இல்லை.

அதனால்தான் தனியாகச் செய்வதைவிட ஒரு தெருவே சேர்ந்து செய்வது நிற்கும் என்று தோன்றுகிறது. ஒரு தொழிற்பேட்டையில் பத்துப் பட்டறைகள் சேர்ந்து விறகு ஷெட் போட்டால், காய்ந்த விறகு ஒன்றாக வாங்கினால், தனித்தனிப் பாய்லர்களுக்குப் பதில் ஒரே நல்ல பாய்லரை நல்ல வடிகட்டியோடு வைத்து ஸ்டீமைப் பகிர்ந்துகொண்டால், விலைப்போட்டிப் பயம் பாதி தீரும். வாங்குகிறவர்களும் கேட்கலாம். கலிஃபோர்னியாவின் லாங் பீச் துறைமுகம், கரையை நெருங்கும்போது 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்) வேகத்துக்குக் குறைக்கும் கப்பல்களுக்குக் கட்டணத்தில் சலுகை தருகிறது. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்றாலும், பத்தில் ஒன்பது கப்பலுக்கு மேல் வேகத்தைக் குறைக்கின்றன. சாயத்தின் ரசாயனத்தையும் கூலியையும் தணிக்கை செய்ய வருகிற வெளிநாட்டு வாடிக்கையாளர்கள், விறகு ஷெட்டையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாமே.

அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, சில ஆயிரம் ரூபாயில் நுண்துகள் அளக்கும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. ஈரப்பதம் மிகுந்த நாளில் இவை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதனால் ஒரு நாள் எண்ணை நம்பி முடிவெடுக்காமல், கேட் ஓரம் ஒன்று, காற்று வரும் திசையில் ஒன்று என்று இரண்டை வைத்து வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். மாற்றம் செய்வதற்கு முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம். அந்த எண்ணை கேட்டில் எழுதிப் போட்டால் இன்னும் நல்லது.

கருவி வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. அன்று பாய்லர் ரூமிலிருந்து கிளம்பி, அந்த லைன் வீட்டுப் பக்கம் போனேன். துணிகளை எடுத்த பெண் திண்ணையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார். புகை எப்போது அதிகம் வரும் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"திங்கக்கெழம காலைலதானுங்க. ஞாயித்துக்கெழம லீவுல நிப்பாட்டிருவாங்க, திங்கக்கெழம விடியறப்ப புதுசாப் பத்த வெப்பாங்க. அதனால நானு திங்கக்கெழம துணி தொவைக்கறதே இல்லீங்க. இன்னைக்கு வெறகு நனைஞ்சுபோச்சாட்ட இருக்குது."